செத்தவற்றை எண்ணாதவன்

கதிர்வீச்சாலும் கொல்ல முடியாத உயிர்கள் கடலடியில் இருக்கின்றன என்று பல வருடங்களாக எழுதியும் மேடையேறிப் பேசியும் வந்திருக்கிறேன். அது பொய். தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. முதலில் எழுதியபோது அரைகுறையாகத் தெரிந்திருந்தது. பிறகு முழுதாகவே தெரிந்தது. தெரிந்த பிறகும் சொன்னேன். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. தேடிப் பார்த்துவிட்டேன், வேறு காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

அறிவியலைத் தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் போகமாட்டார்கள். தேடிப் படித்துச் சொல்லும் வேலையைத்தான் நம்மை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படிப்பேன். அதில் பெரிய எண்ணாக ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அன்றைய கட்டுரை முடிந்தது.

எனக்கு அகப்பட்ட பெரிய எண் 30 கிலோகிரே.

கலிபோர்னியா வளைகுடாவின் அடியில் குவாய்மாஸ் படுகை என்று ஓர் இடம் இருக்கிறது. சுமார் 2,000 மீட்டர் ஆழம். பூமியின் ஓடு அங்கே பிளந்து விலகிக்கொண்டிருக்கிறது. பிளவுக்குள் இறங்கும் கடல்நீர் அடியில் காய்ந்து, பாறையின் கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடும். குளிர்ந்த கடல்நீர் பட்டதும் கனிமங்கள் படிந்து புகைபோக்கிகளாக நிமிர்ந்து நிற்கும். அந்தப் புகைபோக்கிகளிலிருந்து உடைத்தெடுத்த துண்டுகளில் இருந்த உயிர்களை எட்மோன் ஜோலிவேயும் உடன் ஆய்வாளர்களும் ஆக்சிஜன் இல்லாத சூடான ஊடகத்தில் வளர்த்தார்கள். வளர்ந்தவற்றின் மேல் 30 கிலோகிரே காமா கதிரைப் பாய்ச்சினார்கள். அதற்கப்புறமும் வளர்ந்து வந்தவற்றில் ஒன்றுக்கு 2003-இல் தெர்மோகாக்கஸ் காமாடாலரன்ஸ் என்று பெயரிட்டார்கள். ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகையைச் சேர்ந்தது, உருண்டையானது, நீந்தக்கூடியது. 55 டிகிரி செல்சியஸிலிருந்து 95 வரை வளரும், 88-இல் செழிக்கும். கந்தகம் வேண்டும். ஆக்சிஜன் ஆகாது.

ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. உடல் முழுக்க நாலைந்து கிரே பட்ட மனிதர்களில், சிகிச்சை இல்லையென்றால், பாதிப்பேர் சில வாரங்களில் இறந்துபோவார்கள். மருத்துவமனை ஊசிகளையும் கையுறைகளையும் கிருமி நீக்க வழக்கமாகப் பாய்ச்சுவது 25 கிலோகிரே, அதாவது 25,000 கிரே. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்து ஒரு பத்தி எழுதினேன். மனிதனுக்கு ஐந்து, ஊசிக்கு இருபத்தைந்தாயிரம், இதற்கு முப்பதாயிரமும் போதாது என்று. எண்கள் மூன்றும் சரி. பத்தி சரியில்லை.

அதில் நான் எதை ஒளித்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நான் படித்தது நுண்ணுயிரியல். கல்லூரி ஆய்வகத்தில் பெட்ரித் தட்டில் பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணிக் கண் எரிந்தவன். நுண்ணுயிரைக் கொல்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கதிர் பட்டால் எல்லாம் ஒரேயடியாகச் சாவதில்லை, எல்லாம் பிழைப்பதுமில்லை. குறிப்பிட்ட அளவு கதிருக்குப் பத்தில் ஒன்பது பங்கு சாகும். மறுபடி அதே அளவு பாய்ச்சினால் மிஞ்சியதில் பத்தில் ஒன்பது பங்கு சாகும். இப்படியே இறங்கிக்கொண்டு போகும். அதனால் ஓர் உயிரி எவ்வளவு கதிரைத் தாங்குகிறது என்று கேட்டால் ஆய்வாளர் சொல்லும் எண், பத்தில் ஒன்று மட்டும் மிஞ்சும் அளவு. அந்த எண்ணைத் தேடாமல், கடைசியாக ஒன்றிரண்டு தலைதூக்கும் எல்லையை எடுத்துக்கொண்டு, அந்த உயிரினம் முழுவதற்கும் அதைச் சூட்டினேன்.

ஜெர்மனியில் கொலோன் விண்வெளி ஆய்வு மையத்தையும் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெப்பத்தை விரும்பும் 14 நுண்ணுயிர்களை எடுத்து, காமா போன்ற அயனியாக்கும் கதிரையும் புற ஊதாக் கதிரையும் தனித்தனியாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒன்பது எதிர்பாராத அளவுக்கு அயனியாக்கும் கதிரைத் தாங்கின. அவற்றில் இரண்டு, அக்விஃபெக்ஸ் பைரோஃபிலஸும் இக்னிகாக்கஸ் ஹாஸ்பிடாலிஸும், 20 கிலோகிரேக்குப் பிறகும் பிழைத்தன. இரண்டுமே ஐஸ்லாந்துக்கு வடக்கே கோல்பைன்சே கடலடி முகட்டின் வெந்நீர் வாய்களிலிருந்து வந்தவை. இந்த ஆய்வையும் சூடாறாமல் எழுதினேன். 'இருபதாயிரம் கிரேயைச் சிரித்துக்கொண்டே ஏற்றன' என்பது என் வாக்கியம். உயிருள்ள எதையும் பற்றி இவ்வளவு அசட்டுத்தனமாக ஒருவர் எழுதியிருக்க முடியாது.

பின்னால் 2021-இல் இக்னிகாக்கஸை மட்டும் தனியாக ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. அதன்படி பத்தில் ஒன்று மிஞ்சும் அளவு 4.7 கிலோகிரே. மற்ற பல ஆர்க்கியாக்களோடு ஒப்பிட்டால் இதுவே நான்கு மடங்கு. பெரிய தாங்குதிறன்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே வீதத்தில் 20 கிலோகிரே வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டாயிரத்துக்கு ஒன்று மிஞ்சும். பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது செத்துப்போகும். சிரித்தது எது?

இந்தக் கணக்கை அச்சில் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் என்னிடம் கேட்டுவிட்டாள். ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நாள் கூட்டம். படத்திரையில் கடலடிப் புகைபோக்கியைக் காட்டி, வழக்கமான பேச்சைப் பேசி, வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். கை தட்டினார்கள். கேள்வி உண்டா என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், எத்தனை செத்துச்சு?" என்றாள்.

புரியாதவன்போல, "எதும்மா?" என்றேன்.

"முப்பதாயிரம் அடிச்சாங்கல்ல சார். அதுல எத்தனை செத்துச்சு, எத்தனை பொழச்சுச்சு?"

அந்த அரங்கத்தில் நான் பேசியதை உண்மையிலேயே கேட்டவள் அவள் ஒருத்திதான். சரியான இடத்தில் கை வைத்திருந்தாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரும்பாலானவை செத்திருக்கும் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு அப்போதே தெரியும். நான் சொன்னது: "அதை நீ போய் எண்ணிட்டு வந்து சொல்லும்மா, உனக்கு நோபல் பரிசு தரச் சொல்றேன்." அரங்கமே சிரித்தது. ஆசிரியர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்து கையெழுத்துக்காக வந்த வரிசையில் அவள் இல்லை. கவனித்தேன். கவனித்ததை மறக்க முயன்றதும் நினைவிருக்கிறது.

எண்ணைப் பெரிதாக்கியதைக்கூட மன்னித்துக்கொள்வேன். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அதைச் செய்கிறோம். சரியாகக் கேட்ட பிள்ளையைச் சிரிப்பில் மூழ்கடித்து உட்காரவைத்தது வேறு வகை. கேள்வி கேளுங்கள், கேள்வியில்தான் அறிவியல் இருக்கிறது என்று அதே மேடையில் சற்று முன்புதான் முழங்கியிருந்தேன்.

இரண்டாவது பொய்யும் இருக்கிறது. அது இன்னும் வசீகரமானது, அதனாலேயே இன்னும் மோசமானது. இந்த உயிர்களை இயற்கையே கதிர்வீச்சுக்காகத் தயார்செய்து வைத்திருக்கிறது என்று எழுதினேன். ஆதிப் பூமியின் கதிரியக்கம், கடலடிக் கனிமங்களின் கதிரியக்கம் என்று அதற்கு முட்டுக்கொடுத்தேன். கேட்கிறவர்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று மணவாளக்குறிச்சியின் தோரியம் மணலையும் இழுத்துவந்தேன். அந்த மணலை வைத்தே என் கதையைப் பொய்யாக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை, அல்லது தோன்ற விடவில்லை. அதே கரையில் வடக்கே, கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பக்கம், சில இடங்களில் வருடத்துக்கு 70 மில்லிகிரே வரை அளந்திருக்கிறார்கள். மக்கள் குடியிருக்கும் இடங்களில் உலகத்திலேயே மிக அதிகமான இயற்கைக் கதிரியக்கத்தில் அதுவும் ஒன்று. அங்கே உட்கார்ந்து 30 கிலோகிரே வாங்கவேண்டுமென்றால் நாலு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ஆண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் கோபால்ட் மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து அதைச் சில மணி, சில நாள் கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியொரு கதிர் மழை கடலடியில் எங்கேயும் பெய்வதில்லை. பெய்யாத மழைக்குக் குடை செய்து கொடுத்தது இயற்கை என்று நான் எழுதியிருந்தேன்.

குவாய்மாஸ் உயிரியைத் தேர்ந்தெடுத்தது கடல் அல்ல, ஆய்வகத்தின் காமா கதிர்தான். வளர்த்தவற்றின் மேல் கதிரைப் பாய்ச்சி, மிஞ்சியதை எடுத்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதுதான் விஷயம். சல்லடையில் சலித்து எடுத்ததைக் காட்டி, கடலெல்லாம் இப்படித்தான் என்று பேசினேன்.

அப்படியானால் தாங்குதிறன் எங்கிருந்து வந்தது? இதை முதலிலேயே எழுதியிருந்தால் என் பொய்யைவிடச் சுவையான கட்டுரை கிடைத்திருக்கும். இத்தனை வருடமும் மட்டமான சரக்கைத்தான் விற்றிருக்கிறேன்.

சூடு டி.என்.ஏவுக்கு ஆகாது. சாதாரண வெப்பநிலையிலேயே நம் செல்களில் டி.என்.ஏவின் எழுத்துகள் அவ்வப்போது உதிர்கின்றன, உருமாறுகின்றன, இழைகள் அறுகின்றன. சூடு ஏற ஏற இது பன்மடங்காகிறது. தொண்ணூறு டிகிரியில் குடியிருக்கும் ஓர் உயிரிக்கு டி.என்.ஏ சேதம் என்றைக்கோ வரும் விபத்தல்ல, அன்றாடம். நாள் முழுக்க ஒரு பக்கம் சிதைந்துகொண்டே இருக்க, மறுபக்கம் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே உயிரோடு இருக்க முடியும். காமா கதிர் செய்கிற சேதமும் பெரும்பாலும் அதே வகைதான். அளவுதான் அதிகம், அதுவும் ஒரே நேரத்தில். வெப்பத்துக்காக வைத்திருந்த ஏற்பாடு கதிருக்கும் உதவிவிடுகிறது. 1956-இல் அமெரிக்காவின் ஓரிகனில் கதிர் பாய்ச்சியும் கெட்டுப்போன இறைச்சி டப்பாவிலிருந்து கிடைத்த டெய்னோகாக்கஸ் ரேடியோடுரன்ஸ் என்ற புகழ்பெற்ற பாக்டீரியாவிலும் விஷயம் இப்படித்தான். அதற்குக் காரணம் வெப்பமல்ல, வறட்சி. காய்ந்துபோனாலும் டி.என்.ஏ துண்டுதுண்டாகிறது. கதிரைத் தாங்க முடியாத அதன் திரிபுகள் உலர்வையும் தாங்கவில்லை என்று 1996-இல் மேட்டிமோரும் பட்டிஸ்டாவும் காட்டினார்கள்.

பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு நல்ல சோதனை 1997-இல் ஜோசலின் டிருஜியேரோ குழுவினர் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ். இத்தாலியின் வல்கானோ தீவுக் கடற்கரைச் சூட்டிலிருந்து கார்ல் ஷ்டெட்டர் கண்டெடுத்தது, நூறு டிகிரியில் செழித்து வளர்வது. அதன் மரபிழை சுமார் இருபது லட்சம் எழுத்து நீளம். 2,500 கிரே பாய்ச்சியதும் அது ஐந்து லட்சம் எழுத்து நீளத் துண்டுகளிலிருந்து முப்பதாயிரத்துக்கும் குறைவான துண்டுகள்வரை உடைந்து சிதறியது. பிறகு 95 டிகிரிச் சூட்டில் வைத்தார்கள். மரபிழை முழுதாக மீண்டும் சேர்ந்துவிட்டது. நம்மை வேகவைத்துவிடும் அந்தச் சூட்டில்தான் அது தன்னைச் சரிசெய்துகொண்டது. ஒரே நூலின் இரண்டு மூன்று சுவடிகள் வெவ்வேறு இடத்தில் ஒடிந்து கிடந்தால், ஒன்றில் அறுந்த வரி இன்னொன்றில் முழுதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து மூல பாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலைதான் அங்கே நடப்பது. ஒத்த வரிசைகளை ஒப்பிட்டு ஒட்டும் புரதங்கள் அதைச் செய்கின்றன. கதிர் பட்ட பிறகு அவற்றை அவசரமாகத் தயாரிக்கவேண்டியதில்லை. அன்றாட வேலைக்காக எப்போதும் கைவசம் இருப்பவை அவை.

இவ்வளவும் என் அலமாரியில் இருந்தது. நகலெடுத்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். கட்டுரையில் வரவில்லை. 'அதிசய உயிரி' என்று தொடங்கிவிட்டு, 'வெப்பத்துக்காக வந்த ஏற்பாட்டின் உபரிப் பலன்' என்று முடித்தால் காற்றுப் போய்விடும் என்று பட்டது. நாம் எழுதுவது எவ்வளவு சோனியாக இருக்கிறது என்பது இந்த மாதிரிப் பயத்தில்தான் தெரியும்.

மூன்றாவது தவறுக்குச் சோம்பேறித்தனம் காரணம். மைக்கேல் டேலி 2004-இல் தொடங்கி டெய்னோகாக்கஸைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். கதிர் டி.என்.ஏவை நேராகத் தாக்குவது கொஞ்சம்தான். செல்லில் நிறைந்திருக்கும் தண்ணீரை உடைத்து, அதில் பிறக்கும் அடங்காத மூலக்கூறுகளைக் கொண்டு தாக்குவதுதான் அதிகம். டெய்னோகாக்கஸில் இரும்போடு ஒப்பிட்ட மாங்கனீசின் விகிதம் மற்ற பல பாக்டீரியாக்களில் இருப்பதைவிடக் கூடுதல். மாங்கனீசுச் சேர்மங்கள் அந்த மூலக்கூறுகளை அடக்கி, புரதங்களைக் காப்பாற்றுகின்றன. பழுதுபார்க்கும் புரதங்கள் பிழைத்தால்தானே டி.என்.ஏவைச் சரிசெய்ய ஆளிருக்கும். அழகான விளக்கம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், கடலடி உயிர்களுக்கும் அதையே ஒட்டிவிட்டேன். எல்லாவற்றுக்கும் மாங்கனீசுக் கவசம் என்று ஒரே வார்ப்பு.

2012-இல் வெப்பும் டிருஜியேரோவும் அதைச் சோதித்தார்கள். ருப்ரோபாக்டர் என்ற, ஆக்சிஜனில் வாழும் வெப்பவிரும்பி பாக்டீரியாக்களில் மாங்கனீசு இருந்தது, கூடவே டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் ஏராளமாகச் சேர்ந்திருந்தது. அவற்றின் தாங்குதிறன் இவற்றோடு பொருந்தி வந்தது. என் நாயகர்களான தெர்மோகாக்கஸிலும் பைரோகாக்கஸிலும் சொல்லும்படியாக மாங்கனீசே இல்லை. அவற்றுக்கு வழி வேறு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்வதால் கதிர் பட்டாலும் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் நச்சு மூலக்கூறுகள் குறைவு. அந்தக் குறைவையும் அடக்க எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நச்சுநீக்க ஏற்பாடு உண்டு. நான் கவசம் மாட்டிவிட்ட உயிரிக்குக் கவசமே கிடையாது.

'ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்றும் எழுதியிருந்தேன். தெர்மோகாக்கஸ் காமாடாலரன்ஸின் மரபணுத் தொகுதியை 2009-இல் முழுதாகப் படித்தார்கள். 2,157 புரதங்களுக்கான குறிப்பு அதில் இருக்கிறது. படித்தவர்கள் வந்த முடிவு, தெரிந்த பழுதுபார்ப்பு நொதிகள் அதில் மற்றவற்றைவிட அதிகமாக இல்லை, இன்னும் யாரும் ஆராயாத புரதங்களே காரணமாக இருக்கக்கூடும் என்பது. விளங்கவில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டதை, விளங்கிவிட்டது என்று நான் தமிழுக்குக் கொண்டுவந்தேன். 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட நுட்பமானது. கதிர் படாமல் சும்மா இருக்கும்போதே இந்த உயிரியின் டி.என்.ஏவில் ஒரு வகை ஆக்சிஜனேற்றச் சேதம் பத்து லட்சத்துக்கு ஒன்பதுக்கு மேல் இருக்கிறது. வழக்கமாக மற்ற செல்களில் அளப்பதைவிட இது அதிகம். 5,000 கிரே கொடுத்த பிறகு அது இருபத்து நாலுக்கு ஏறியது, அவ்வளவுதான். ஒரு கிரேக்கு எவ்வளவு என்று பார்த்தால், கதிர் சேர்த்த சேதம், சில கிரே மட்டும் வாங்கிய மனிதச் செல்களில் பார்த்ததைவிடவும் குறைவு. ஒரு மணி நேரத்தில் அதுவும் வெகுவாக இறங்கிவிட்டது. ஆக, உடைந்ததை ஒட்டும் கெட்டிக்காரத்தனம் பாதிக் கதைதான். அடி விழும்போதே குறைவாக விழவைக்கும் ஏதோ ஒன்று மீதிக் கதை. 5,000 கிரே வரை இந்த உயிரி ஏறக்குறைய இழப்பில்லாமல் பிழைக்கிறது என்பதும் உண்மை. மிகைப்படுத்தாமலே மிரட்டும் எண் அது. எனக்கு அது போதவில்லை, முப்பதாயிரம் வேண்டியிருந்தது.

கதிர்வீச்சு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதும் ஒரு குற்றம்தான். மேலே சொன்ன ஜெர்மன் ஆய்வில் புற ஊதாக் கதிருக்கு அந்தப் பதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன; அயனியாக்கும் கதிரில் வீரம் காட்டியவற்றுக்கு அங்கே தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. உலர்த்திவிட்டுப் பாய்ச்சினால் இன்னும் எளிதாகச் செத்தன. சல்பைடு தாதுத் தூளைக் கலந்து வைத்தால் பிழைத்தன, அதாவது நிழல் இருந்தால் பிழைத்தன. இவை விண்கல்லில் ஏறிக் கோள் விட்டுக் கோள் போயிருக்கும் என்று நான் எழுதிய நான்கு பக்கக் கற்பனையை இந்த ஆய்வின் பக்கத்தில் வைத்துப் படித்தபோது காது சுட்டது. அந்த நான்கு பக்கத்துக்குத்தான் வாசகர் கடிதங்கள் அதிகம் வந்தன.

அந்தக் கட்டுரைகள் புத்தகமாக வந்து, மறுபதிப்புக்குப் போனபோது மெய்ப்பு என் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். ஓர் இடத்தில் 'ஐஸ்லாந்து' இரண்டு விதமாக அச்சாகியிருந்ததை ஒன்றாக்கினேன். முப்பதாயிரத்துப் பத்தி வந்ததும், இதைத் தொட்டால் பத்தி முழுவதும் மாறும், பக்கம் நகரும், அச்சகத்துக்குத் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். அச்சகத்தின் தொந்தரவை நினைத்து வாழ்க்கையில் அதற்கு முன் ஒருநாளும் நான் கவலைப்பட்டதில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். எத்தனை செத்தன என்பதற்கு இப்போது என்னிடம் கணக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை கலைத்துவிட்டது. கதிர் வாங்கிய இக்னிகாக்கஸில் பெருகும் திறனையும் உள்ளே வேதிவினை ஓடிக்கொண்டிருப்பதையும் அவர்கள் முதல்முறையாகத் தனித்தனியே அளந்து பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே நிற்பதில்லை. இனி பெருகாது, வளர்ப்பு ஊடகத்தில் தலை காட்டாது, நம் எண்ணிக்கையில் பிணம்தான்; ஆனால் உள்ளே இயக்கம் நடந்துகொண்டிருக்கலாம். தட்டில் கூட்டம் வராவிட்டால் செத்தது என்று எண்ணித்தான் நாங்களெல்லாம் பழகினோம். இப்போது அவள் கேட்டதற்கு இரண்டு விடை வரும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கேட்டவளுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும். மேடையில் இருந்தவனுக்குத்தான் விடை சொல்லும் எண்ணம் இல்லை.

பிறகு அவளைத் தேடிப் போனேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். போகவில்லை. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினால் விசாரித்திருப்பார்கள். கடிதத்தின் முதல் வரியை மனத்துக்குள் எழுதிப் பார்த்து, அது என்னை நல்லவனாகக் காட்டுகிறதா என்று யோசித்தேன். அந்த யோசனை வந்ததும் கடிதம் நின்றுவிட்டது. நின்றதற்கு இந்தக் கூச்சம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு சொகுசு இருக்கிறது. சோம்பல் என்பதே சரியாக இருக்கும்.

புத்தகத்தின் அடுத்த பதிப்புக்கு அந்த அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். விண்கல் பயணம் போய்விட்டது. மாங்கனீசு அதற்குரிய பாக்டீரியாவோடு மட்டும் நிற்கிறது. பதினெட்டாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கும், 95 டிகிரியில் ஒட்டிக்கொண்ட மரபிழையும் வந்திருக்கின்றன. முப்பதாயிரம் கிரேயை முதல் பத்தியிலிருந்து எடுத்து உள்ளே தள்ளலாமா என்று யோசித்தேன். தள்ளவில்லை. ஆய்வகத்தில் கதிரால் சலித்த பிறகு மிஞ்சியவை என்ற சொற்களை அதற்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.